கிராமத்தில் சுகர், பிரஷர் சிகிச்சை: களப்பணியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சி, துணை சுகாதார நிலையம், சிறு அறக்கட்டளை, மகளிர் குழு என்று எங்கிருந்து தொடங்கினாலும் இந்த வேலையில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். தமிழ்நாட்டுக் கிராமங்களை மனதில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறோம். யாருக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு நோயாளியின் வீட்டுத் திண்ணை வரை போய்ச் சேர்வதற்கான வழிகளையே இங்கே பேசுகிறோம்.

முகாம் போட்டு ஊரில் எல்லோரையும் பரிசோதித்துவிட்டோம். இனி என்ன?

வேலை இனிமேல்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 2020-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி நடந்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பான ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது, அவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவு 17.6 சதவீதம், கட்டுக்குள் இருந்தது அவர்களில் 10.8 சதவீதம். நோயைக் கண்டுபிடிப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தை எத்தனை முகாம் போட்டாலும் நிரப்ப முடியாது.

முகாமில் 400 பேரைப் பார்த்து 90 பேருக்குப் பிரஷர் இருப்பதாகத் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த 90 பேரின் பெயர், தெரு, கைபேசி எண், அடுத்து வர வேண்டிய தேதி ஆகியவை ஒரே பதிவேட்டில் ஏறவில்லை என்றால், அடுத்த ஆண்டு முகாமிலும் அதே 90 பேரை ‘புதிதாக’க் கண்டுபிடிப்பீர்கள். அறிக்கையில் எண் கூடும், ஊரில் ஒன்றும் மாறியிருக்காது. பதிவேடும் மூன்று மாத மருந்தும் கையில் இல்லாதவரை முகாமைத் தள்ளிப்போடுங்கள்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் யார் என்ன செய்கிறார்கள்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம் இது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அளவு கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். மருத்துவர் மருந்து எழுதியபின் மாதாந்திர மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும், பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள்.

எல்லை தெளிவாக இருக்க வேண்டும். தன்னார்வலர் மருந்தைத் தொடங்கவோ, அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ‘பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்ததையே எனக்கும் கொடும்மா’ என்று கேட்பார்கள். அங்கே உறுதியாக நிற்கப் பயிற்சி வேண்டும். இத்திட்டத்துக்குத் தொற்றாநோய்களுக்கான ஐ.நா. பல்துறைப் பணிக்குழுவின் 2024-ஆம் ஆண்டு விருது கிடைத்தது உண்மைதான். ஆனால் ஒரு ஊரில் திட்டம் நடக்கிறதா என்பதை அந்த ஊர் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பிரஷர் பார்ப்பதில் எங்கே தவறு நடக்கிறது?

முதல் தவறு அவசரம். களத்துமேட்டிலிருந்து நடந்து வந்தவரை அப்படியே நிறுத்திப் பார்த்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில் பட, கால் மேல் கால் போடாமல், கை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் டீ, பீடி, புகையிலை கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அளவு ஏறும். பார்க்கும்போது பேச்சு கூடாது. திண்ணையில் இதைக் கடைப்பிடிப்பதுதான் பெரும்பாடு.

இரண்டாவது, கையில் சுற்றும் பட்டை. பெரும்பாலான டிஜிட்டல் கருவிகளோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு ஆனது. பருமனான கையில் அதையே இறுக்கிச் சுற்றினால் பிரஷர் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். குழுவுக்கு ஒன்றாவது பெரிய பட்டை வேண்டும். ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கையை இறுக்கும். தளர்த்துங்கள், மெல்லிய துணியானால் அதன் மேலேயே சுற்றலாம்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரி எழுதுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறொரு நாளும் பார்த்து உறுதிசெய்த பிறகே ‘பிரஷர்காரர்’ என்று பெயர் வைக்க வேண்டும். 180/110-ஐத் தொட்டால் மறுநாளுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இன்னொன்று: பேட்டரி. பட்ஜெட்டில் கருவி இருக்கும், பேட்டரிக்குக் காசு இருக்காது. கருவி மூலையில் முடங்குவதற்குப் பழுதைவிட இதுவே பெரிய காரணம்.

எழுதி வரும் அளவுகள் உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசி இலக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் கருவியில் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில், அதாவது பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். பதிவேட்டில் பாதிக்கு மேல் 120/80, 130/80, 140/90 என்று பூஜ்யத்தில் முடிந்தால், கருவியைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள் அல்லது தோராயமாக்கி இருக்கிறார்கள். 138/88 அதிகமாகக் குவிந்திருந்தாலும் சந்தேகப்படலாம். நோயாளியைக் ‘கட்டுக்குள்’ காட்ட வசதியான எண் அது.

இதைக் கண்டுபிடித்ததும் தன்னார்வலரைத் திட்டுவதில் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்று இலக்கு வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். ஒருவருக்கு ஓய்வோடு சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும். 40 பேருக்கு இலக்கு வைத்தால் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், நடையைச் சேர்க்காமல். முடியாத இலக்கு பொய்யான பதிவேட்டைத்தான் தரும்.

சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் கவனிக்க வேண்டியவை?

விரலை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி உலர வைக்க வேண்டும். வாழைப்பழம் உரித்த கை, வெல்லம் தொட்ட கை என்றால் சுகர் 50, 100 கூடுதலாகக்கூடக் காட்டலாம். ஸ்பிரிட் தடவினால் அது காய்ந்த பிறகே குத்த வேண்டும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியக் கூடாது. கையைத் தொங்கவிட்டால் போதும். குத்துவது விரல் நுனியின் பக்கவாட்டில். நடுவில் குத்தினால் வலி அதிகம், அடுத்த மாதம் கையை நீட்ட மாட்டார்கள்.

ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்தவுடன் மூடுங்கள். திறந்த தேதியை மேலே எழுதுங்கள். திறந்தபின் எத்தனை மாதம் என்பது டப்பாவிலேயே இருக்கும். வண்டிப் பெட்டியில் வெயிலில் கிடந்த ஸ்ட்ரிப்பை நம்ப வேண்டாம்.

ரத்தசோகை இருப்பவருக்குப் பல குளுக்கோமீட்டர்கள் சுகரை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு, மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவையும் பொய்யாக ஏற்றும். நம் ஊர்ப் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது தெரிந்ததே. அதனால் விரல் குத்திப் பார்த்த ஒரே அளவை வைத்து நீரிழிவு என்று முடிவு கட்டக் கூடாது. 140-க்கு மேல் வந்தவரை வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதில் 126 அல்லது அதற்கு மேல் என்று உறுதியானால்தான் நீரிழிவு.

ஏன் எல்லோருக்கும் ஒரே சில மாத்திரைகள்?

2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி செய்த முக்கியமான காரியம், சிகிச்சையைப் படிப்படியாக வகுத்ததுதான். பல மாநிலங்களில் முதல் படி அம்லோடிபின் 5 மி.கி.; ஒரு மாதத்தில் அடங்கவில்லை என்றால் டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்ப்பது, அதன்பின் அளவைக் கூட்டுவது. நான்கைந்து மருந்தை மட்டும் பயன்படுத்தினால் கொள்முதல் எளிது, இருப்பு வைப்பது எளிது, செவிலியருக்கும் குழப்பம் இல்லை.

அம்லோடிபினுக்கு இன்னொரு வசதி: உடலில் நெடுநேரம் தங்கும். ஒரு வேளை மாத்திரையை மறந்தாலும் பிரஷர் சட்டென்று எகிறாது. சிலருக்குக் கணுக்கால் வீங்கும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ‘கிட்னி கெட்டுப்போச்சு’ என்று மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். கருத்தரித்த பெண்ணுக்கு டெல்மிசார்டன் கூடாது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு மாதமும் அதைக் கேட்க வேண்டும்.

சுகருக்கான மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு, 500 மி.கி.-யில் தொடங்கி மெல்ல ஏற்றினால் வயிற்றுப்போக்கு குறையும். முதல் வாரத்திலேயே முழு அளவைக் கொடுத்துவிட்டு, நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவது நியாயமில்லை.

மருந்து எவ்வளவு கேட்டு வாங்க வேண்டும்?

போன மாதம் எவ்வளவு செலவானதோ அவ்வளவு என்று கேட்காதீர்கள். போன மாதம் பாதி நாள் மருந்தே இல்லாமல் இருந்திருந்தால் செலவு பாதியாகத்தான் காட்டும். அதை வைத்துக் கேட்டால் இந்த மாதமும் பாதிதான் வரும். தட்டுப்பாடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். பதிவேட்டில் உள்ள ஆட்களை எண்ணிக் கேளுங்கள்.

உதாரணமாக, 300 பேர் அம்லோடிபின் தினம் ஒன்று எடுத்தால் மாதம் 9,000. மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் என்றால் 27,000, கையிருப்பாக ஒரு மாதத்துக்கு 9,000, ஆக 36,000. மெட்ஃபார்மின் 150 பேர், ஆளுக்குச் சராசரியாகத் தினம் மூன்று என்றால் மாதம் 13,500. மெட்ஃபார்மினையும் ஆளுக்கு ஒன்று என்று போட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. இதற்கு மேல், புதிதாகச் சேர்வோருக்கு என்று முதல் ஆண்டில் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். இருக்கும் இருப்பைக் கழித்துவிட்டு மீதியைக் கேளுங்கள்.

அரசு நிலையங்களுக்கு மருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்குகளிலிருந்து வருகிறது. 1994-இல் அமைக்கப்பட்ட இந்தக் கழகத்தின் பாஸ்புக் முறையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். கணக்குச் சரியாக இருந்தால் கேட்டு வாங்கலாம் என்பதே இதன் பலம். கிடங்கில் இருந்தும் துணை நிலையத்தில் இல்லை என்ற நிலை வந்தால், கோளாறு கொள்முதலில் இல்லை. தேவைப்பட்டியல் எழுதிய இடத்தில் இருக்கிறது.

பாதியிலேயே ஏன் நிறுத்திவிடுகிறார்கள்?

வலி இல்லாத நோய் என்பதால் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. கேட்டுப் பார்த்தால் காரணங்கள் இன்னும் எளிமையாக இருக்கும்.

மருந்து கொடுக்கும் நாள் செவ்வாய். அன்று நூறு நாள் வேலை இருக்கும். மருந்துக்குப் போனால் கூலி போகும். போன முறை மூன்று மணி நேரம் வரிசையில் நின்று பதினைந்து நாள் மாத்திரை வாங்கி வந்தவர் மறுபடி போக மாட்டார். ஒரு மாதத்துக்குக் குறைவாகக் கொடுப்பதையே நிறுத்த வேண்டும். கட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டு மாதம் கொடுத்தாலும் தவறில்லை.

மாத்திரையின் நிறம் மாறுவது இன்னொரு காரணம். டெண்டரில் நிறுவனம் மாறினால் வெள்ளை மாத்திரை மஞ்சளாகும், உருண்டை நீளமாகும். படிக்கத் தெரியாதவருக்கு நிறம்தான் பெயர். ‘இது வேற மாத்திரை, எனக்குச் சேராது’ என்று வைத்துவிடுவார், அல்லது பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்குவார். இரண்டாவது அதிக ஆபத்து. புதிய அட்டை வந்த மாதம் பழைய அட்டையைக் காட்டச் சொல்லி, ‘இதுதான் அது’ என்று கையில் வைத்துக் காட்டுங்கள். காலை மாத்திரை உறையில் சூரியன், இரவு மாத்திரை உறையில் நிலா வரைவது பழைய முறை. இன்றும் அதைவிட நல்லது வரவில்லை.

‘அளவு சரியாகிவிட்டது’ என்று மருத்துவர் சொன்னதை ‘நோய் சரியாகிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டு நிறுத்துபவர்களும் உண்டு. ‘மாத்திரை போட்டதால் அடங்கியிருக்கு, விட்டா மறுபடி ஏறும்’ என்று அதே மூச்சில் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து எடுப்பவரைத் திட்டினால் அடுத்த மாதம் மறைப்பார். என்ன எடுக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை விடாமல் இருந்தால் போதும் என்பதில் மட்டும் நில்லுங்கள்.

வராதவர்களை எப்படித் தேடுவது?

ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. 12 மாதத்துக்கு 12 அறைகள் உள்ள பெட்டியில், அடுத்து வர வேண்டிய மாதத்தின் அறையில் அட்டையை வையுங்கள். மாதம் முடியும்போது அந்த அறையில் மீதமிருக்கும் அட்டைகள்தான் வராதவர்கள். செயலி இருந்தாலும் இந்தப் பெட்டி இருக்கட்டும். சிக்னல் இல்லாத ஊரில் அதுவே கைகொடுக்கும்.

ஒரு வாரத்தில் போன், இரண்டாவது வாரத்தில் வீட்டுக்கு நேரில். போனில் ‘ஏன் வரலை?’ என்று தொடங்கினால் எதிர்முனை துண்டிக்கும். ‘உங்க மாத்திரை எடுத்து வெச்சிருக்கோம்’ என்று தொடங்குங்கள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் எப்படி?

திறக்காத புட்டி 2 முதல் 8 டிகிரியில், சுகாதார நிலையத்திலேயே இருக்கட்டும். ஒரு புட்டி மட்டும் வீட்டுக்குக் கொடுங்கள். மி.லி.க்கு 40 யூனிட் உள்ள 10 மி.லி. புட்டியில் மொத்தம் 400 யூனிட். தினம் 30 யூனிட் போடுபவருக்கு 13 நாள் வரும். திறந்த புட்டி வெயில் படாத குளிர்ந்த இடத்தில் 28 நாள் தாங்கும் என்பதால் கெடுவதற்குள் தீர்ந்துவிடும்.

கோடையில் பெரிய மண்பானைக்குள் சிறிய பானை, இடையே ஈர மணல், காற்றோட்டமான நிழல், காலையும் மாலையும் தண்ணீர், இது போதும். புட்டியை இறுக மூடும் டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள், லேபிள் நனையக் கூடாது. கடலோர ஊர்களில் புழுக்கம் அதிகமுள்ள மாதங்களில் இந்தக் குளிர்ச்சி குறைவாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பவர் ஃப்ரீஸரில் வைக்கிறாரா என்று பாருங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

உயிர் போகும் பிழை ஒன்று உண்டு. அரசு நிலையத்தில் தரும் புட்டி பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். வெளியே கடையில் 100 யூனிட் புட்டியும் கிடைக்கும். சிவப்பு மூடி ஊசி 40-க்கு, ஆரஞ்சு மூடி ஊசி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. மாற்றி, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் இழுத்தால் 20-க்கு 8 மட்டுமே போகும். புட்டியையும் ஊசியையும் சேர்த்தே கொடுங்கள், தனித்தனியாக வேண்டாம்.

தாழ்சர்க்கரை வந்தால்?

வியர்வை, நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு. 70-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் செவ்வாய், வெள்ளி விரதத்தன்று என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைக்கட்டும். வேலைக்குப் போகும் அவசரத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போவதுதான் கிராமத்தில் இதற்கு வழக்கமான காரணம்.

சாப்பாட்டில் என்ன சொல்வது? ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாம் முடியாதே?

அதையெல்லாம் சொல்லவே வேண்டாம். ரேஷன் அரிசி சாப்பிடும் வீட்டில் சோற்றைக் கால் பங்கு குறைத்து, கீரை, அவரை, கொள்ளு, முட்டை என்று கிடைப்பதை ஏற்றச் சொல்லுங்கள். கேழ்வரகு சாப்பிட்டால் சுகர் ஏறாது என்பது தவறான நம்பிக்கை. களியும் கூழும் வயிறு நிறையக் குடித்தால் நன்றாகவே ஏறும்.

உப்புக்கு ஒரு கணக்கு: ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால், கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய் கணக்குக்கு வராமலே இரண்டு மடங்கு. உப்பு வாங்கிய தேதியை அடுப்படிச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

நன்றாக நடக்கிறதா என்று எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

ஒரே எண் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை பதிவானவர்கள் 100 பேர் என்றால், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான அவர்களின் கடைசி அளவைப் பாருங்கள். 48 பேர் 140/90-க்குக் கீழே, 22 பேர் அதற்கு மேல், 30 பேர் வரவே இல்லை. கட்டுப்பாட்டு விகிதம் 48 சதவீதம். வந்த 70 பேரை மட்டும் வைத்து 69 சதவீதம் என்று எழுதுவது பரவலான பழக்கம். அதில் வராத 30 பேரும் காணாமல் போகிறார்கள்.

அளவு அடங்காத 22 பேரும் வராத 30 பேரும் வேறு வேறு வேலையைச் சொல்கிறார்கள். 22 அதிகமானால் மருத்துவர் அளவைக் கூட்டத் தயங்குகிறார் அல்லது மருந்து தட்டுப்பாடு. 30 அதிகமானால் நாள், நேரம், தூரத்தை மாற்ற வேண்டும்.

காலில் புண் வந்துவிடுகிறது. தடுக்க முடியுமா?

ஆண்டுக்கு ஒருமுறை 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், கண்ணை மூடச் சொல்லி. உணர்வு இல்லாதவருக்கு எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு தேவை. வெறுங்காலோடு வயலில் இறங்குபவர் இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். கண் தெரியாவிட்டால் பேத்தி பார்க்கட்டும்.

வீட்டில் டயாலிசிஸ் செய்பவருக்கு?

வயிற்று வழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளையும் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்குத் தருகிறது. 2 லிட்டர் பை தினம் மூன்று என்றால் மாதம் 90 பை, 180 லிட்டர். ஒற்றை அறை வீட்டில் இதை எங்கே அடுக்குவது என்று முதலில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தரையில் படாமல் பலகை மேல், எலி வராமல். பை மாற்றும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திக் கதவைச் சாத்த வேண்டும். வெளியேறும் திரவம் கலங்கலாக இருந்தால் தொற்று. அந்தப் பையோடு அன்றே மருத்துவமனைக்கு.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் போகிறவர்களை என்ன செய்வது?

போகும் மாதம் ஊருக்கே தெரியும். அதற்கு இரண்டு வாரம் முன் பட்டியல் எடுத்து, கட்டுக்குள் இருப்பவருக்கு மருத்துவர் ஒப்புதலோடு மூன்று மாத மருந்து கொடுங்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் பார்த்த பிரஷர், சுகர் எழுதிய அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆதாரோடு வைக்கச் சொல்லுங்கள். போகும் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையப் பெயரையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சேர்ந்து போகும் மேஸ்திரியின் எண்ணையும் வாங்கி வையுங்கள், நோயாளியின் போன் பெரும்பாலும் ரீசார்ஜ் இல்லாமல் இருக்கும்.